மழைக்காலத்தில் டிராக்டரை வெளியில் நிறுத்தி வைத்தல்

காவிரிப் படுகையில் சம்பா நடவு முடிந்தபின் டிராக்டருக்கு வேலை குறைவு. கொட்டகையில்லாத குடியானவர்கள் அதனைக் களத்து மேட்டிலேயே நிறுத்துகின்றனர். சிக்கனங் கருதி டீசல் தொட்டியைக் காலியாக்கி வைப்பது பெருந்தவறாகும். காலித் தொட்டியினுள்ளிருக்கும் காற்றின் ஈரம் இரவுக் குளிரில் நீர்த்துளியாகி அடியில் தங்கும். அந்நீர் டீசல் பம்பையும் இஞ்செக்டரையும் துருப்பிடிக்கச் செய்யும். அவற்றைச் செப்பனிடும் செலவை நோக்க, ஒரு தொட்டி டீசலின் விலை அற்பமே. ஆகையால் தொட்டியை நிரப்பியே நிறுத்துக.

பழைய எஞ்சின் எண்ணெயில் அமிலம் சேர்ந்திருக்குமாதலால் அதனையும் மாற்றுக. பாட்டரியைக் கழற்றி வீட்டினுள் வைத்து, 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்காதவாறு சார்ஜ் செய்து வருக. கிளச்சு மிதியை அழுத்தி மரக்கட்டை கொடுத்தால் தட்டு ஒட்டிக்கொள்ளாது. புகைக்குழாயின் வாயைத் தகரத்தால் மூடுக. மறுபடி ஓட்டுமுன் அதை எடுக்க மறக்கலாகாது. வைக்கோற்போரின் அருகே மட்டும் நிறுத்த வேண்டாம். அங்குள்ள எலிகள் மின்கம்பிகளைக் கடித்துவிடும்.