நீலப் புகைக்கு எஞ்சினையே இறக்க வேண்டுமா?

புறக்கோட்டைக்குச் சரக்கெடுக்கப் போகும் நமது காத்தான்குடி வேன்களில் சில, நீலப் புகை கக்குகின்றன. அது ஒயில் எரியும் புகை. கறுப்பு என்றால் சரியாக எரியாத டீசல்.

"எஞ்சின் இறக்கவேணும்" என்று கராஜில் சொன்னதும் காசை எண்ணாதீர்கள். நான் எண்ணிக் கொடுத்து ரிங் மாற்றினேன். பழுது வால்வ் சீலில் இருந்தது!

இரவு நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் புகைத்து ஓய்ந்தால் பெரும்பாலும் வால்வ் சீல்தான். சுமையோடு மிதிக்கும்போதெல்லாம் புகைத்தால் ரிங் தேய்ந்திருக்கலாம்; டர்போ வண்டியானால் டர்போவையும் பார்க்கவேண்டும்.

முதலில் கொம்பிரஷன் அளக்கச் சொல்லுங்கள். பெற்றோல் எஞ்சினில் அளவு குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மீண்டும் அளக்க, அளவு ஏறினால் ரிங். எல்லாச் சிலிண்டரும் சரியாயிருந்து காலையில் மட்டும் புகைத்தால் சீலை மாற்றுங்கள். பல எஞ்சின்களில் ஹெட்டைக் கழற்றாமலே அதை மாற்றலாம்.