புளூகில் மீன்: எப்படிக் கண்டுபிடிக்கிறது, எதைப் பிடிக்கிறது, எதை விடுறது

அமெரிக்காவுல குடியிருக்கிற நம்ம வீட்டுப் பிள்ளைங்க முதன்முதலா தூண்டில்ல தூக்குற மீன் பெரும்பாலும் புளூகில்தான். ஏரி, மெதுவா ஓடுற ஆறு, பூங்காவுக்குள்ள இருக்கிற குட்டைன்னு எங்கேயும் கிடைக்கும். பலர் இதைச் சின்னப் பிள்ளைங்க விளையாட்டுன்னு ஒதுக்கிடுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. இந்த மீனைச் சரியாப் பிடிக்கிறதுக்கும், சரியானதைத் திருப்பி விடுறதுக்கும் அதோட வாழ்க்கை கொஞ்சம் தெரியணும்.

முதல்ல அடையாளம். திரையில படத்தைப் பாருங்க. நம்மூர் ஜிலேபி மீன் மாதிரி தட்டையான, உயரமான உடம்பு. நிறத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க. தண்ணியைப் பொறுத்து, பருவத்தைப் பொறுத்து அது மாறும். செவுள் மூடியோட பின்பக்கம் ஒரு மடல் நீட்டிக்கிட்டு இருக்கும். புளூகில்ல அது ஓரம் வரைக்கும் முழுக் கறுப்பு. அப்புறம் முதுகுத் துடுப்போட பின்பகுதியில, அடிப்பக்கமா ஒரு கறுப்புத் திட்டு இருக்கும். குஞ்சுல இது மங்கலாத்தான் தெரியும். வாய் ரொம்பச் சின்னது.

இப்போ இந்த ரெண்டாவது படம். மடலோட ஓரத்துல சிவப்புப் பொட்டு, கன்னத்துல நீல அலைக்கோடு. இது பம்ப்கின்சீட். அடுத்ததுல மடல் ஓரம் சிவப்பு, ஆனா துடுப்புல திட்டு இல்ல. அது ரெட்இயர். கிரீன் சன்ஃபிஷுக்குத் துடுப்புல திட்டு உண்டு, ஆனா வாய் பெருசு, கண்ணுக்குக் கீழ வரைக்கும் வரும். புளூகிலும் சேர்த்து இவையெல்லாம் சன்ஃபிஷ் குடும்பம்தான், ஒண்ணோட ஒண்ணு கலந்தும் குஞ்சு பொரிக்கும். அதனால சில மீனைக் கையில வெச்சுக்கிட்டுப் பார்த்தாலும் இன்னதுன்னு சொல்ல முடியாது.

அந்தச் சின்ன வாயை மனசுல வெச்சுக்கோங்க. புழு போயிடுது, மீன் மாட்டலன்னு சொல்றவங்க முள்ளை எடுத்துப் பாருங்க, பெருசா இருக்கும். 8 அல்லது 10-ஆம் நம்பர் முள் போதும். நரம்பு 4 பவுண்டுக்கு மேல வேண்டாம். மண்புழுவை முழுசாக் கோர்க்காதீங்க, முள் மறையிற அளவுக்கு ஒரு துண்டு போதும். தக்கை மெல்லிசா இருக்கணும். பெரிய உருண்டைத் தக்கையை இழுக்கும்போது மீனுக்குப் பாரம் தெரியும், உடனே துப்பிடும். தூண்டில் குண்டு வாங்கும்போது கவனம். சில மாநிலங்கள்ல சின்ன ஈயக்குண்டுக்குத் தடை இருக்கு, ஏன்னா லூன் பறவைங்க அதை விழுங்கிச் சாகுது. வெள்ளீயத்துல செஞ்சது கிடைக்கும்.

பாசி ஓரம், படகுத்துறை நிழல், தண்ணிக்குள்ள விழுந்து கிடக்கிற மரம், இதுதான் இடம். காலையும் சாயங்காலமும் நல்ல நேரம்.

வசந்தம் முடியிற சமயம் தண்ணி 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினதும் கரையோரமா வட்ட வட்டமாப் பள்ளங்கள் நெருக்கமாத் தெரியும். அது ஆண் மீன் வாலால விசிறித் தோண்டின கூடு. முட்டையையும் குஞ்சையும் அதுதான் காவல் காக்குது. கிட்ட எது வந்தாலும் பாயும், அதனால எந்த முள்ளையும் கடிக்கும். நெஞ்சு செம்பு நிறத்துல இருக்கிற பெரிய ஆண்களை ஒரே மத்தியானத்துல வாளி நிறையப் பிடிச்சிடலாம். தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க.

காரணம் சொல்றேன். கனடாவுல ஒண்டாரியோ மாகாணத்து ஓப்பினிக்கன் ஏரியில இதை நல்லா ஆராய்ஞ்சிருக்காங்க. காவல் காக்குற ஆண், முதிர்ச்சிக்கு வர சுமார் 7 வருஷம் ஆகுது. இன்னொரு வகை ஆண் 2 வயசிலேயே முதிர்ந்து, கூடே கட்டாம, திருட்டுத்தனமா அடுத்தவன் கூட்டுல நுழைஞ்சு முட்டைக்கு உயிர் கொடுத்துட்டு ஓடிடும். கொஞ்சம் வளர்ந்ததும் பெண் மாதிரியே நடிச்சு உள்ள போகும். காவல்காரனைத் தூக்கிட்டா சுத்தி இருக்கிற மீனுங்க முட்டையைத் தின்னுடும். அதோட, போட்டிக்குப் பெரிய ஆண் இல்லேன்னா சின்ன ஆண்கள் சீக்கிரமே முதிர்ந்திடும், அப்புறம் அவ்வளவா வளராது. சில வருஷத்துல ஏரி முழுக்கப் பொடி மீன்தான். மினசோட்டாவுல பல ஏரிகள்ல ஒரு நாளைக்கு 5 அல்லது 10 சன்ஃபிஷ்தான்னு வரம்பைக் குறைச்சதும் இதனாலதான். உங்க மாநில வரம்பைப் பார்த்துக்கோங்க, லைசென்ஸும் எடுத்துக்கோங்க.

சாப்பிட நடுத்தர அளவு, ஏழு அங்குலம் சுமாரா இருக்கிறதை எடுங்க. பெருசைப் பிடிச்ச தண்ணியிலேயே விடுங்க. வேற குளத்துல கொண்டுபோய் விடவே கூடாது. 1960-ல சிகாகோ மேயர் அன்பளிப்பாக் கொடுத்த புளூகிலை அப்போதைய ஜப்பான் இளவரசர் அகிஹித்தோ ஊருக்குக் கொண்டு போனார். அது பீவா ஏரி வரைக்கும் பரவி, அங்கே இருந்த மீன்களை அழிக்க ஆரம்பிச்சது. 2007-ல, பேரரசரா இருந்தப்போ, அதுக்காக அவரே பொதுமேடையில வருத்தம் தெரிவிச்சார்.

விடும்போது கையை முதல்ல நனைச்சுக்கோங்க. முதுகு முள்ளைத் தலைப்பக்கத்திலிருந்து பின்னால தடவி மடக்கிப் பிடிச்சா குத்தாது. தூண்டில் முள்ளை விழுங்கியிருந்தா பிடுங்காதீங்க, வாய்க்கிட்ட நரம்பை வெட்டிட்டு அப்படியே தண்ணிக்குள்ள விட்டுடுங்க.