நீந்து, மிதி, ஓடு – 9: ஒரு கம்பெனி, இரண்டு சைக்கிள்

போன வாரம் நீந்திக் கரையேறிவிட்டோம். இனி சைக்கிள். டிரையத்லானில் உடம்பைவிட பர்ஸ் அதிகமாக இளைப்பது இந்தக் கட்டத்தில்தான்.

2016 அக்டோபர், ஹவாயின் கோனா நகரம். அயர்ன்மேன் உலகப் போட்டிக்காக வீரர்கள் வந்து குவிந்திருந்த வாரம். கனடாவில் பிறந்த செர்வேலோ கம்பெனி அங்கே ஒரு புது சைக்கிளை அறிமுகப்படுத்தியது. பெயர் பி5எக்ஸ். சீட்டுக்குக் கீழே நிமிர்ந்து நிற்க வேண்டிய குழாயைக் காணோம். சீட்டிலிருந்து பின்சக்கரத்துக்கு இறங்கும் இரண்டு மெல்லிய குழாய்களும் இல்லை. சீட் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. உயர்ரக மாடலின் விலை 15,000 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 10 லட்சம் ரூபாய். 2012-ல் வந்த அதே கம்பெனியின் பி5 மாடலும் அப்போது சந்தையில் இருந்தது. எதை எடுப்பது என்று டிரையத்லான் உலகம் பட்டிமன்றம் நடத்தியது.

ஒரே கம்பெனி இவ்வளவு வேறுபட்ட இரண்டைச் செய்ததற்குக் காரணம் ஒரு விதிப் புத்தகம். சைக்கிள் பந்தயங்களை நிர்வகிக்கும் யூ.சி.ஐ. அமைப்பு, 2000-லிருந்து சைக்கிளின் வடிவத்தைக் கட்டுப்படுத்தி வருகிறது. ஃபிரேம் பழைய முக்கோண அமைப்பில் இருக்க வேண்டும். எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. சீட்டின் மூக்கு, பெடல் கிராங்க் சுழலும் அச்சுக்கு 5 சென்டிமீட்டராவது பின்னால் இருக்க வேண்டும் என்றும் அன்று விதி இருந்தது. பி5 ஃபிரேம் இந்த வேலிக்குள் செய்யப்பட்டது. முன்னால் போகிறவரின் முதுகில் ஒட்டிக்கொண்டு ஓட்டத் தடை உள்ள அயர்ன்மேன் வகைப் போட்டிகளில் இந்த வடிவ விதிகள் செல்லாது. கம்பெனி அந்தச் சுதந்திரத்தை முழுதாகப் பயன்படுத்திப் பார்த்ததுதான் பி5எக்ஸ். (ஒலிம்பிக் டிரையத்லானில் இரண்டுக்குமே வேலையில்லை. அங்கே ஒட்டி ஓட்டலாம். சாதாரண ரோடு பைக்தான்.)

குழாய் இல்லாத விநோதத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். என்னைக் கவர்ந்தது வேறு. வடிவமைப்பாளர்கள் காற்றுச் சுரங்கத்துக்குப் போகும் முன், போட்டிகளில் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்தார்கள். லட்சங்கள் கொட்டி வாங்கிய சைக்கிளில் ஜெல் பாக்கெட்டுகளை டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். சீட்டுக்குப் பின்னால் இரண்டு பாட்டில், பஞ்சர் ஆனால் மாற்ற ஒரு டியூப், பம்ப். அயர்ன்மேனில் 180 கிலோமீட்டர் மிதிக்கிறவருக்குத் தண்ணீரும் தீனியும் வேண்டாமா? மொட்டை ஃபிரேமைச் சுரங்கத்தில் வைத்து மிச்சம் பிடித்த நொடிகளையெல்லாம் இந்த மூட்டை முடிச்சு தின்றுவிடுகிறது. அதனால் பி5எக்ஸில் பெட்டிகளை ஃபிரேமோடு சேர்த்தே வடித்தார்கள். விமானத்தில் கொண்டுபோக வசதியாக ஹேண்டில்பாரைக் கழற்றலாம். கை ஊன்றும் மெத்தையை ஒரே தூணில் ஏற்றலாம், இறக்கலாம். இவை புத்திசாலித்தனமான ஏற்பாடுகள். ஆனால் சைக்கிள் கனத்துப்போனது.

சரி, எது வேகம்? இந்தக் கேள்வியிலேயே பலர் வழி தவறுகிறார்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் போகும்போது நம்மைப் பிடித்து இழுப்பது பெரும்பாலும் காற்று. அந்தத் தடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஓட்டுபவரின் உடம்பால் வருவது. மிச்சமுள்ள கால் பங்கில் கொஞ்சம்தான் ஃபிரேமின் கணக்கு. குனிந்தபடி ஏரோபாரில் (முன்கைகளை ஊன்றி முன்னால் நீட்டிப் பிடிக்கும் கம்பிகள்) மணிக்கணக்கில் கிடக்க முடியாமல் அடிக்கடி நிமிர்ந்து உட்காருகிறவருக்கு 10 லட்ச ரூபாய் ஃபிரேமால் பயனில்லை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள்: ஸ்டாக், ரீச். கிராங்க் அச்சிலிருந்து ஹேண்டில்பார் பொருந்தும் குழாயின் உச்சி எவ்வளவு உயரம் என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னால் என்பது ரீச். குவின்டானா ரூ கம்பெனியைத் தொடங்கி, 1980-களின் இறுதியில் டிரையத்லானுக்கென்றே சைக்கிள் செய்த அமெரிக்கர் டான் எம்ஃபீல்ட் பரப்பிய அளவுமுறை இது. மீடியம், லார்ஜ் என்ற பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இந்த இரண்டு எண்களையும் எந்தக் கம்பெனியின் ஃபிரேமுக்கும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதுகு வளையாதவருக்கு ஸ்டாக் கூடுதலான ஃபிரேம் வேண்டும். உடம்பு நீண்டவருக்கு ரீச் கூடுதலாக வேண்டும். நல்ல பைக் ஃபிட்டரிடம் உட்கார்ந்து, நீங்கள் தாங்கக்கூடிய குனிவை முதலில் கண்டுபிடியுங்கள். அந்த எண்களுக்கு எந்த ஃபிரேம் பொருந்துகிறதோ அதுதான் உங்கள் சைக்கிள்.

என் தீர்ப்பைக் கேட்டால், பி5எக்ஸ் கேட்ட கேள்வி சரி. அந்த விலைக்கும் எடைக்கும் அது தந்த பதில் போதாது. கம்பெனியே பிறகு அப்படித்தான் நடந்துகொண்டது. 2018 டிசம்பரில் டிஸ்க் பிரேக்கோடு வந்த புதிய பி5, யூ.சி.ஐ. விதிக்குள் அடங்கிய முக்கோண ஃபிரேம்தான். பெட்டியும், ஒற்றைத் தூணில் ஏறி இறங்கும் ஏரோபாரும் மட்டும் எக்ஸ் தந்த சீதனம். எக்ஸ் வரிசை சில ஆண்டுகளில் விற்பனையிலிருந்து மறைந்தது.

2019 முதல் கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 போட்டிக்குத் தயாராகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே சைக்கிள் தூரம் 90 கிலோமீட்டர். உங்கள் அளவுக்குப் பொருந்தும் பழைய பி5 செகண்ட் ஹேண்டில் கிடைத்தால், கார்பனில் விரிசல் இருக்கிறதா என்று ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு எடுங்கள். கிடைக்காவிட்டால் இருக்கிற ரோடு பைக்கில் ஏரோபார் மாட்டி, மிச்சப் பணத்தில் ஃபிட்டிங் செய்துகொள்ளுங்கள். அளவு தெரியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

(தொடரும்)