தோளில் தெரியும் வயிற்று நோவு

உடற்பருமனைக் குறைக்கும்பொருட்டு இரைப்பையில் சஸ்திர சிகிச்சை செய்துகொண்ட ஒருவர், மயக்கம் தெளிந்து, தாம் எங்கே படுத்திருக்கிறோம் என்பது விளங்கிய சில மணி நேரத்துக்குள் நர்ஸை அழைத்துச் சொல்லும் முதல் முறையீடு, பல சமயங்களில் வயிற்றைப் பற்றியதாக இராமல் தோள்பட்டையைப் பற்றியதாக இருக்கிறது. கத்தி பட்ட இடம் ஒன்று, நோவெடுக்கும் இடம் மற்றொன்று என்னும் இந்த விநோதத்தைக் கண்டு, மேஜையின்மேல் புரட்டிப் போட்டபோது தோள் பிசகிவிட்டது என்று சிலர் தீர்மானித்துவிடுகிறார்கள். வலி இடப்பக்கமாக இருந்துவிட்டாலோ, மாரடைப்பாக இருக்குமோ என்று வீட்டார் கலங்கிப்போகிறார்கள். இருதயத்தைச் சோதித்து அவ்வாறில்லை என்று உறுதி கூறுவது வைத்தியரின் கடமை. அந்த உறுதி கிடைத்த பிறகும், வயிற்றில் நடந்த காரியத்துக்குத் தோள் ஏன் துன்பப்பட வேண்டும் என்ற கேள்வி மிஞ்சி நிற்கிறது; அதற்கான விடையோ, நாம் பிறப்பதற்கு ஏழெட்டு மாதங்களுக்கு முன்பு, தாயின் கருவறையில் நம் சரீரம் உருவான விதத்தில் அடங்கியிருக்கிறது.

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் மேசன் என்ற சர்ஜன், இரைப்பையின் பெரும்பாகத்தை ஒதுக்கிவிட்டு உணவை நேரே சிறுகுடலுக்குத் திருப்பும் முறையை 1966-ஆம் ஆண்டில் கையாளத் தொடங்கியபோது, வயிற்றை நீளமாகக் கீறித் திறப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இன்றோ ஐந்தாறு சிறு துளைகளின் வழியே காமிராவையும் கருவிகளையும் செலுத்திக் காரியத்தை முடித்துவிடுகிறார்கள். துளையின் வழியே பார்க்கவும் வேலை செய்யவும் உள்ளே இடம் வேண்டுமல்லவா? அதற்காக, கூடாரத் துணியைத் தூக்கிக் கட்டுவதுபோல, வயிற்றுச் சுவரை வாயுவினால் உப்பச் செய்து உயர்த்துகிறார்கள். பாதரச அளவில் 12 முதல் 15 மில்லிமீட்டர் அழுத்தத்தில், சில லிட்டர் கரியமில வாயு உள்ளே செல்கிறது.

இந்த வாயுவின் சரித்திரம் சற்று நின்று கேட்கத் தக்கது. டிரெஸ்டன் நகரத்து வைத்தியர் கியோர்க் கெல்லிங், 1901-ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானிகளின் மகாசபையில் ஒரு நாயின் வயிற்றுக்குள் வடிகட்டிய காற்றைச் செலுத்தி, குழல் ஒன்றின் மூலம் உள்ளுறுப்புகளைப் பார்த்துக் காட்டினார். காற்றினால் அபாயம் உண்டு. அது எளிதில் ரத்தத்தில் கரைவதில்லை. தவறி ஒரு ரத்தக்குழாய்க்குள் புகுந்துவிட்டால் அங்கேயே குமிழியாக நின்று உயிருக்கு உலை வைக்கக்கூடும். சுவிட்ஸர்லாந்து தேசத்து ரிச்சர்ட் ஸோலிக்கோஃபர் 1924-இல் கரியமில வாயுவை உபயோகிக்கலாம் என்று கூறினார். அது எரியாது, ஆகையால் மின்சாரத்தினால் ரத்தக்குழாய்களைச் சுட்டு மூடும்போது தீப்பற்றும் பயமில்லை. பிராணவாயுவைப்போல் ஏறக்குறைய இருபது மடங்கு கரையும் தன்மையுள்ளது, ஆகையால் ரத்தத்தில் கலந்து சுவாசப்பையின் வழியாக வெளியேறிவிடும். வயிற்றுக்குள் வாயுவைச் செலுத்த இன்றும் பல சர்ஜன்கள் கையில் எடுக்கும் ஊசியோ, ஹங்கேரி தேசத்து யானோஷ் வெரெஷ் என்பவர் 1930-களில் க்ஷயரோகிகளின் மார்புக் கூட்டுக்குள் காற்றைப் புகுத்துவதற்காகச் செய்தது! ஒரு வியாதிக்கென்று பிறந்த கருவி, அந்த வியாதிக்கு மருந்து வந்து தன் பழைய உத்தியோகத்தை இழந்த பின்பு, வேறோர் இடத்தில் நிலையான உத்தியோகம் பெற்றுவிட்டது.

சிகிச்சை முடிந்ததும் துளைகளின் வழியே வாயுவை வெளியேற்றுகிறார்கள். மயக்க மருந்து வைத்தியர் அச்சமயம் சுவாசப்பைகளை நன்றாக விரியச் செய்து, அதனால் கீழ்நோக்கித் தள்ளப்படும் உதரவிதானம் மிச்ச வாயுவையும் பிதுக்கி வெளியே அனுப்பும்படி செய்வதும் உண்டு. ஆயினும் சிறிதளவு எப்படியும் தங்கிவிடுகிறது. அது ஈரத்தோடு சேர்ந்து மெல்லிய அமிலமாகி உதரவிதானத்தின் அடிப்பக்கத்தை உறுத்துகிறது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே விதானமாக விரிந்திருக்கும் அந்தத் தசை, கருவின் நான்காம் வாரத்தில் இப்போதிருக்கும் இடத்தில் இருந்ததன்று. கழுத்தின் எதிரே தோன்றி, நரம்பையும் அங்கேயே பெற்றுக்கொண்டு, அதன்பின் சில வாரங்களுக்குள் அந்த நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தது. ஆகவே கழுத்தெலும்பின் மூன்று, நான்கு, ஐந்தாம் கணுக்களிலிருந்து புறப்படும் நரம்பு, மார்பு முழுவதையும் கடந்து கீழே போய் உதரவிதானத்தை ஆள்கிறது. தோளின் மேற்புறத் தோலுக்குச் செல்லும் நரம்புகளும் அதே மூன்றாம், நான்காம் கணுக்களைச் சேர்ந்தவையே. உள்ளேயிருந்து அபூர்வமாகச் செய்தி வரும் அந்த வழியில் உறுத்தலின் முறையீடு ஒன்று வந்து சேரும்போது, மூளை, அன்றாடம் தனக்குப் பழக்கமான தோளிலிருந்தே அது வந்ததாகக் கொண்டுவிடுகிறது.

இது விளங்கிவிட்டால், எந்தப் பரிகாரம் பலிக்கும், எது பலிக்காது என்பதும் விளங்கிவிடும். வாயு என்ற சொல் காதில் விழுந்தவுடனே ஓமத் தண்ணீரும் பெருங்காயமும் சுக்கும் நம் வீடுகளில் புறப்பட்டுவிடுகின்றன. ஓமத் தண்ணீரின்மேல் எனக்கு விரோதம் ஒன்றுமில்லை. ஆனால் அது குடலுக்குள்ளே இருக்கும் வாயுவுக்குச் சொன்ன மருந்து. இந்த வாயுவோ குடலுக்கு வெளியே, வயிற்றின் வெற்றிடத்தில் நிற்பது. ஏப்பமாகவும் வராது, கீழேயும் போகாது. கடையில் விற்கும் வாயு மாத்திரைகளும் அதன் அருகே போக மாட்டா. ரத்தத்தில் கரைந்து மூச்சோடு போவது ஒன்றே அதற்கு வழி. அதற்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்கள் பிடிக்கும். நிமிர்ந்து உட்கார்ந்தால் வாயு மேலே ஏறி உதரவிதானத்தின் கீழ் சேருவதால் வலி மிகுவதும், சாய்ந்து படுத்தால் தணிவதும் இயல்பே. தோளில் வெந்நீர்ப் பை வைத்தால் இதமாயிருக்கும்; பாரசிட்டமால் போன்ற மருந்தை வைத்தியர் நேரந்தவறாமல் கொடுப்பார். மூட்டுவலிக்காக வீட்டிலிருக்கும் வேறு வலி மாத்திரைகளைத் தாமாக எடுத்து விழுங்குவது மட்டும் கூடாது. அவற்றுட் பல, புதிதாகத் தைத்த இரைப்பையில் புண்ணை உண்டாக்க வல்லவை.

இனி இரைப்பையைப் பார்ப்போம். நம் தேசத்தில் மிகுதியாகச் செய்யப்படும் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்பட்டு, எஞ்சியது ஒடுங்கிய குழல்போல் விடப்படுகிறது. அளவு குறைந்துவிட்டது என்பதை எல்லாரும் அறிவார்கள். குணமும் மாறிவிட்டது என்பதைப் பலர் அறிவதில்லை. நாம் விழுங்கத் தொடங்கியதுமே, உணவு வந்து சேர்வதற்கு முன்பே, இரைப்பையின் மேற்பாகம் தளர்ந்து இடம் விடுகிறது என்பதை ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வால்ட்டர் கானன், லீப் என்பவரோடு சேர்ந்து 1911-இல் எடுத்துக் காட்டினார். விருந்தினர் வருமுன் திண்ணையை ஒழித்து வைக்கும் இந்த உபசாரத்தைச் செய்துவந்த மேற்பாகந்தான் இப்போது அகற்றப்பட்டுவிட்டது. மிஞ்சிய குழலின் சுவரோ தையலால் வீங்கியிருக்கிறது. அடிவாசலைக் காக்கும் தசை மட்டும் முன்போலவே இறுகி நிற்கிறது. இந்நிலையில் தாகமென்று ஒரு தம்ளர் ஜலத்தை மடமடவென்று குடித்தால், நெஞ்செலும்பின் பின்னே கல்லை வைத்து அழுத்துவதுபோன்ற வேதனை எழுந்து, வாயில் நுரையாக உமிழ்நீர் ஊறி, குடித்ததெல்லாம் திரும்பி வருகிறது.

ஆகவே கால் மணிக்கு 30 மில்லி என்னும் கணக்கில், மடக்கு மடக்காகக்கூட இல்லாமல், வாயை நனைத்துக்கொள்வதாகவே குடிக்கச் சொல்கிறார்கள். முதல் நாள் ரத்தக்குழாய் வழியாக ஏறும் திரவம் குறையை ஈடு செய்யும். வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றரை லிட்டரை இந்த வேகத்தில் குடித்து முடிக்கப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், முதல் வாரத்தில் ஜலம் குடிப்பதே ஒரு முழுநேர உத்தியோகம் என்பது தெரியும். இதில் சலித்துப்போனவர்களே உடம்பில் நீர் வற்றி, தலை சுற்றி, மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பெரும் பகுதியினர். குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை எந்த வீட்டிலேனும் பரணில் கிடந்தால், அதை இறக்கிக் கழுவி வைத்துக்கொள்வது நல்லது. அளவு தப்பாது, அவசரப்படவும் முடியாது. ஜலத்தின் பின், வைத்தியர் அனுமதிக்கும் முறைப்படி, நீர்மோரும் வடிகட்டிய பருப்புத் தண்ணீரும் காரமில்லாத ரசத் தெளிவும் வரும். சோடா வகைகள் வேண்டாம். அவை உள்ளே போய் விரிவதற்கு அங்கே இடமில்லை.

நோயாளிக்குப் பெரும்பாலும் பசி இராது. பசியைத் தூண்டுவதும், 1999-ஆம் ஆண்டில் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் கண்டுபிடித்ததுமான கிரெலின் என்னும் சுரப்பு, அகற்றப்பட்ட அந்த மேற்பாகத்திலேதான் மிகுதியாக உண்டாகிறது. பசியெல்லாம் பார்க்க வந்தவர்களுக்குத்தான். ஆப்பிள் பழப் பையும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக வந்து சுற்றி நின்று, "இது எந்த மூலைக்குப் போதும்? இன்னும் ரெண்டு வாய் குடிச்சிடு, கண்ணு" என்று தாயாரோ பெரியம்மாவோ கெஞ்சும்போது, அந்த அன்பை மறுத்துவிடும் மனத்திடம் எல்லாருக்கும் இருப்பதில்லை. சிகிச்சைக்கு முன் நோயாளிக்குப் போதிப்பதில் பாதியையேனும் வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்துப் போதிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

குமட்டலுக்குக் காரணங்கள் பல: மயக்க வாயு, கடும் வலி மருந்து, இரைப்பையின் வீக்கம். ஸ்திரீகளுக்கும், பஸ் பிரயாணத்தில் தலைசுற்றல் கொள்கிறவர்களுக்கும், புகைபிடிக்காதவர்களுக்கும் இது அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். கடைசி விஷயம் தர்மத்துக்கு விரோதமாகத் தோன்றினாலும் உண்மையே. ஓங்கரிப்பு முற்றிய பிறகு சொல்வதைவிட, வயிறு புரட்டத் தொடங்கும்போதே சொன்னால் ஊசி மருந்து நன்றாக வேலை செய்யும்.

மயக்கத்தில் ஆழ்ந்திருந்த வேளையில் சுவாசப்பையின் அடிப்பாகங்கள் சுருங்கிப்போகின்றன. உடல் கனத்தவர்களுக்கு இது அதிகம். அவற்றை மறுபடி விரிக்கவே மூன்று வர்ணப் பந்துகளுள்ள அந்தப் பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுக்கிறார்கள். கொடுத்ததும் பலர் அதை ஊதத் தொடங்குகிறார்கள்! அதை உறிஞ்ச வேண்டும். நெடுமூச்சாக உள்ளே இழுத்துப் பந்தை மேலே நிறுத்த வேண்டும். இருமும்போது வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டால் தையல் அவ்வளவாக வலிக்காது. அன்று மாலையே எழுந்து நடக்கச் சொல்வதைக் கொடுமை என்று பழைய காலத்தவர் எண்ணுவார்கள். சிகாகோவில் எமில் ரீஸ் என்ற சர்ஜன் 1899-ஆம் ஆண்டிலேயே நோயாளிகளைச் சீக்கிரம் எழுப்பி நடக்கவிட வேண்டும் என்று எழுதினார். ஆயினும் அரை நூற்றாண்டு வரையில் உலகம் அவர்களைப் படுக்கையிலேயே கிடத்தி வைத்திருந்தது. அசையாத கெண்டைக்காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி பெயர்ந்து சுவாசப்பைக்குப் போய் அடைத்துக்கொள்ளும் ஆபத்து, இச்சிகிச்சை பெற்றவர்களுக்கு அஞ்சத் தக்க ஆபத்துக்களில் ஒன்று. வராந்தாவில் மெல்ல நடக்கும் நடைக்கும், வயிற்றில் போடும் ஹெப்பாரின் ஊசிக்கும் அதுவே காரணம்.

இவ்வளவும் சொன்னதனால், எந்த நோவையும் பொறுத்துக்கொண்டிருந்துவிடலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. வலியின் அளவைவிட, அது போகும் திசையைக் கவனிக்க வேண்டும். வாயுவினால் வந்த தோள் வலி ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வரும். இரைப்பைத் தையல் எங்கேனும் விட்டுக் கசிந்தால் - இது அபூர்வம், ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் நேரக்கூடும் - அந்தக் கசிவும் அதே உதரவிதானத்தை, அதே நரம்பை உறுத்தி, அதே தோளில், பெரும்பாலும் இடத்தோளில், வலியைக் காட்டும். தணிந்திருந்த வலி திரும்பி வந்து ஏறிக்கொண்டே போவதும், நாடி நிமிஷத்துக்கு 120-ஐத் தாண்டி அங்கேயே நிற்பதும், காய்ச்சலும், மூச்சிரைப்பும், ஒரு கால் மட்டும் வீங்கி நோவதும், விடியட்டும் என்று காத்திருக்கத் தக்கவை அல்ல. நாடி வேகமாக ஓடுவது சில சமயம் வயிற்று வலிக்கும் காய்ச்சலுக்கும் முந்தியே தோன்றிவிடும்; அதைப் பயத்தினால் வந்த படபடப்பு என்று ஒதுக்குவது பெரும் பிழை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு. சர்க்கரை வியாதிக்கும் ரத்த அழுத்தத்துக்கும் முன்பு சாப்பிட்டுவந்த மருந்துகளை, உணவு இவ்வளவு குறைந்த பின்னும் பழைய அளவிலேயே தொடர்ந்தால், சர்க்கரையும் அழுத்தமும் அளவுக்குக் கீழே இறங்கிவிடும். புதிய அளவை எழுதி வாங்கிக்கொள்ளாமல் டிஸ்சார்ஜ் ஆகக் கூடாது. மற்றொன்று, ஓயாத வாந்தி. பி1 வைட்டமின் நம் உடம்பில் சில வாரங்களுக்கு மேல் இருப்பு நிற்பதில்லை. அது தீர்ந்த நிலையில் சர்க்கரை கலந்த திரவத்தை மட்டும் ரத்தக்குழாயில் ஏற்றினால், மூளை பாதிக்கப்பட்டு, பார்வை இரட்டித்து, நடை தள்ளாடி, நினைவும் தடுமாறக்கூடும். ஆதலால் அவசரத்துக்கு அக்கம்பக்கத்துக் கிளினிக்குக்குப் போக நேர்ந்தாலும், இரைப்பைச் சிகிச்சை ஆயிற்று என்பதையும் எத்தனை நாளாக வாந்தி என்பதையும் வாசற்படியிலேயே சொல்லிவிட்டால், அங்குள்ள வைத்தியர் குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிடுவதற்கு முன்பு பி1 ஊசியைப் போட்டுவிடுவார்.