அடுத்த தேர்தல் தேதி

புனேயிலிருந்து லோணாவளா போகும் லோக்கல் ரயிலில் சிஞ்ச்வாடுக்கு அடுத்த நிலையம் ஆகுர்டி. பஜாஜ் ஆட்டோவால் பெயர் பெற்ற தொழில் பேட்டை, பிம்ப்ரி சிஞ்ச்வாட் மாநகராட்சியின் ஒரு பகுதி. அந்த மாமன்றத்தின் 128 உறுப்பினர்களின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்ததோ 2026 ஜனவரியில். இடைப்பட்ட காலம் முழுக்க ஒரு அதிகாரியின் ஆட்சி. மராத்தியில் அவரை 'பிரஷாசக்' என்பார்கள், நம்மூர் வழக்கில் தனி அலுவலர்.

அந்த நாட்களில் ஆகுர்டியில் குழாயில் தண்ணீர் வந்தது, குப்பை வண்டி வந்தது, சொத்து வரி ரசீதும் வந்தது. 2024இல் மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் மக்கள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். தெருச் சாக்கடைக்குப் பதில் சொல்ல வேண்டியவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு மட்டும் இல்லை. ஐந்தாண்டு முடியுமுன் தேர்தலை நடத்திவிட வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. ஆனால் பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடு, வார்டு எல்லை என வழக்குகள் நீண்டன. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே வழி திறந்தது.

ஆகுர்டியின் காத்திருப்பு ஜனநாயகம் நிலைக்குமா என்று கேட்க வைக்கிறது. தாராளவாத ஜனநாயகம்தான் மனிதகுலத்தின் இறுதி ஆட்சி முறையா என்ற கேள்வியை 1989இல் ஃபிரான்சிஸ் ஃபுகுயாமா எழுப்பினார். அதற்கு எதிரியாக நிற்கும் கொள்கை ஏதும் மிஞ்சவில்லை என்பது அவர் வாதம். நான் வேறு இடத்தில் பார்க்கச் சொல்வேன். தோற்றவர் ஏன் வீட்டுக்குப் போகிறார்? படையும் பணமும் கையில் இருந்தும் ஆளுங்கட்சி ஏன் நாற்காலியை விட்டு எழுகிறது? அரசியல் அறிஞர் ஆடம் ஷெவோர்ஸ்கி தந்த விடை எளிமையானது: இன்று தோற்றாலும் நாளை வெல்ல வாய்ப்பு உண்டு என்ற நம்பிக்கை. இவ்வளவு பெரிய ஏற்பாடும் நாட்காட்டியில் இருக்கும் ஒரு தேதியின் மேல் நிற்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, சுமார் 920ஆம் ஆண்டையது, 30 குடும்புகளிலிருந்து, அதாவது ஊரின் வார்டுகளிலிருந்து, குடவோலை எடுத்து வாரியம் என்னும் குழுவை அமைப்பதைச் சொல்கிறது. பதவி 360 நாள். முந்தைய மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவர் பெயரும், கணக்குக் காட்டாதவர் பெயரும் குடத்துக்குள் விழக் கூடாது. பிராமண ஊரின் சபை அது. எல்லோருக்கும் அதில் இடமில்லை. ஆனாலும் பதவிக்கு முடிவு நாள் வேண்டும் என்ற அறிவு அதில் கல்லாக நிற்கிறது.

அந்த அறிவை நாம் அடிக்கடி தொலைத்திருக்கிறோம். நெருக்கடி நிலையில், 1976 மார்ச்சில் வர வேண்டிய மக்களவைத் தேர்தல் ஓராண்டு தள்ளிப்போனது. சென்னை மாநகராட்சியில் 1973இல் கலைந்த மாமன்றம் 1996இல்தான் திரும்பியது. 23 ஆண்டுகள்! ஒரு தலைமுறையே கவுன்சிலர் என்பவரைப் பார்க்காமல் வளர்ந்தது.

ஜனநாயகம் நிலைக்குமா என்பதற்கு என் பதில், தேதி தவறாத வரை நிலைக்கும். தமிழ்நாட்டு நகர உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19 அன்று வாக்குப்பதிவு நடந்தது. அந்த மன்றங்களின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் என்றைக்கு முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்த நாளுக்கு முன்பே உங்கள் வார்டில் கேளுங்கள்: அடுத்த தேர்தல் எப்போது?