ரைபோசோமுக்கு எழுதிய ஓலை

1961 மே 27, சனிக்கிழமை, அதிகாலை மூன்று மணி. அமெரிக்காவின் பெதஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார ஆய்வுக்கூடத்தில் ஹைன்ரிக் மத்தேய் என்ற ஜெர்மானியர் சோதனைக் குழாய்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஈ.கோலை பாக்டீரியாவை அலுமினாப் பொடி போட்டு அரைத்து, சக்கையை நீக்கி எடுத்த சாறு அது. செல் செத்த பிறகும் அந்தச் சாறு கொஞ்ச நேரம் புரதம் கட்டும். அதில் அவர் சேர்த்தது யு என்ற ஒரே எழுத்து வரிசையாக வரும் செயற்கை ஆர்.என்.ஏ. எந்த உயிரும் எழுதாத, பொருளே இல்லாத ஓலை.

புரதத்தின் கட்டுக்கற்களான 20 அமினோ அமிலங்களைச் சலித்துச் சலித்து, கடைசியில் ஃபினைல்அலனினுக்கு மட்டும் கதிரியக்கக் கார்பன் ஏற்றிப் பார்த்தார். எண்ணிக்கை பல நூறு மடங்கு எகிறியது. யு என்ற எழுத்துக்கு ஃபினைல்அலனின்! அவருடைய தலைவர் மார்ஷல் நிரன்பர்க் அன்று ஊரிலேயே இல்லை, கலிஃபோர்னியாவுக்குப் போயிருந்தார்.

எந்த எழுத்துக்கு எந்த அமினோ அமிலம் என்ற இந்த மரபுக் குறியீட்டை உடைக்கவென்றே இயற்பியலாளர் காமோவ் 1954இல் ஒரு சங்கம் தொடங்கியிருந்தார். அமினோ அமிலத்துக்கு ஒருவராக 20 உறுப்பினர்கள், அதற்கென்று தனி டை வேறு. பெரிய தலைகள் பலரும் அதில் இருந்தார்கள், நிரன்பர்க் இல்லை. ஆகஸ்டில் மாஸ்கோ மாநாட்டில் அவர் பேசியபோது அறையில் கூட்டமே கிடையாது. விஷயம் காதில் விழுந்ததும் சங்கத்து உறுப்பினரான பிரான்சிஸ் கிரிக்தான் அவரைப் பெரிய அரங்கில் மறுபடி பேச வைத்தார்.

அதன்பின் மளமளவென்று நடந்தது. டி.என்.ஏ.விலிருந்து படியெடுத்து வரும் ஆர்.என்.ஏ.வை, செல்லுக்குள் புரதம் கட்டும் இயந்திரமான ரைபோசோம் மும்மூன்று எழுத்தாகப் படிக்கிறது. ஒவ்வொரு மூன்றுக்கும் உரிய அமினோ அமிலத்தை இன்னொரு வகை ஆர்.என்.ஏ. தூக்கி வந்து கொடுக்கிறது. 64 சொற்களில் 61 அமினோ அமிலங்களுக்கு, மூன்று முற்றுப்புள்ளிகள். 1966க்குள் அகராதி முடிந்தது. இந்த வேலைக்காக 1968இல் நிரன்பர்க், ஹர்கோவிந்த் கொரானா, ராபர்ட் ஹாலி மூவருக்கும் நோபல் கிடைத்தது. மத்தேய் பெயர் பட்டியலில் இல்லை. எனக்கு அது இன்றும் உறுத்துகிறது.

அன்று ரைபோசோம் என்பது எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்த வெறும் கரும்புள்ளி. 2000இல் அதன் உறுப்புகள் அணு அணுவாகப் படமாகின. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் அதன் சிறிய பாதியைப் படம்பிடித்து, 2009இல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்.

எழுதியது யார் என்று ரைபோசோம் கேட்பதில்லை. வந்த ஓலையைப் படித்துப் புரதத்தைக் கட்டிவிடுகிறது. ஆர்.என்.ஏ.வை மருந்தாக்க இதுவே போதும் என்று தோன்றும். ஆனால் வெளியிலிருந்து ஆர்.என்.ஏ. வந்தால் உடல் உஷாராகி, அழற்சியைக் கிளப்பிவிடும். யு எழுத்தின் வேதியியலைச் சற்றே மாற்றினால் அந்தக் களேபரம் அடங்குகிறது என்று கேட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2005இல் காட்டினார்கள். உடலின் காவல் ஏமாறுகிறது. ரைபோசோமோ மாற்றிய எழுத்தையும் யு என்றே படிக்கிறது.

2020 ஜனவரியில் கொரோனா வைரஸின் மரபு எழுத்துகள் வெளியாயின. இரண்டே நாளில் மாடர்னா நிறுவனம் கணினியிலேயே தடுப்பூசி ஆர்.என்.ஏ.வை வடிவமைத்து முடித்தது; மார்ச் 16 அன்று முதல் ஊசி. 1961இல் சாற்றுக்குள் போனது முழுக்க யு. ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளிலோ அசல் யு ஒன்றுகூட இல்லை, எல்லாமே மாற்றியவை. கரிக்கோவுக்கும் வைஸ்மனுக்கும் 2023இல் நோபல் வந்தது.

ஓலை எழுதுவது சுலபமாகிவிட்டது, அதைக் கெடாமல் கொண்டுசேர்ப்பதுதான் பாடு. ஃபைசர் ஊசிக்கு முதலில் மைனஸ் 70 டிகிரி குளிர் தேவைப்பட்டது. நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்கு எங்கே போவது? புனேயின் ஜென்னோவா நிறுவனம் சாதாரண ஃபிரிட்ஜின் 2 முதல் 8 டிகிரியிலேயே தாங்கும் ஆர்.என்.ஏ. தடுப்பூசியைச் செய்தது. 2022 ஜூனில் அதற்கு அவசரகால அனுமதி கிடைத்தது.