வீட்டுச் சர்வரில் இயங்குதள மாற்றமும் தகவல் பாதுகாப்பும்

குடும்பத்தின் புகைப்படங்கள், நிலப் பத்திரங்களின் நகல்கள், வருமான வரிக் கணக்குகள், பிள்ளைகளின் பாடக் குறிப்புகள் ஆகியவற்றை ஒரே கணிப்பொறியில் சேமித்து வைத்து, வீட்டிலுள்ள கைப்பேசிகளும் மற்றக் கணிப்பொறிகளும் வேண்டியபோது அவற்றைப் பெறுமாறு செய்யும் வழக்கம் இன்று பல இல்லங்களில் உண்டு. இரவு பகலாக இயங்கும் இத்தகைய பொறிக்கு வீட்டுச் சர்வர் என்று பெயர். இதனை நடத்தி வைக்கும் அடிப்படை மென்பொருள் இயங்குதளம் எனப்படும்.

இயங்குதளங்களுக்கும் ஆயுட்காலம் உண்டு. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்து வந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அதன் பின்னர் வந்த விண்டோஸ் 11, பழைய பொறிகள் பலவற்றில் இல்லாத தகுதிகளைக் கோருகின்றது. ஆகவே, நல்ல நிலையிலுள்ள பழைய பொறியை ஒதுக்கிவிட மனமில்லாதோர் அதில் லினக்ஸ் இயங்குதளத்தை அமைத்துக்கொள்கின்றனர். இம்மாற்றம் கடினமானதன்று. ஆயினும் இதில் ஓர் அபாயம் அடங்கியுள்ளது. பொறி பழுதுற்றால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். இயங்குதளத்தை மீண்டும் நிறுவலாம். காலஞ்சென்ற பாட்டனாரின் குரல் பதிவு அழிந்துவிடின் அதனைத் திரும்பப் பெற வழியில்லை.

எனவே, பழைய வட்டில் கை வைக்கும் முன்னர், அதிலுள்ள யாவும் வேறோரிடத்தில் முழுமையாக உள்ளன என்பதைப் பரீட்சித்து உறுதி செய்துகொள்ளுதல் இம்முயற்சியின் முதல் விதியாகும்.

அபாயம் எங்கே உள்ளது?

ஒரு நூலகத்தில் நூல்கள் அலமாரிகளில் உள்ளன. எந்த நூல் எங்குள்ளது என்பதைப் பட்டியல் கூறுகின்றது. ஹார்ட் டிஸ்க் எனும் வட்டிலும் இத்தகைய பட்டியல் ஒன்று உண்டு. பட்டியலும் அதன் விதிகளும் சேர்ந்த ஏற்பாட்டிற்குக் கோப்பு முறைமை என்று பெயர். விண்டோஸ் பெரும்பாலும் என்.டி.எஃப்.எஸ். என்ற முறைமையைக் கையாள்கின்றது. இது 1993-இல் வெளிவந்தது. லினக்ஸில் பரவலாக வழங்கும் ஈ.எக்ஸ்.டி.4 முறைமை 2008-இல் நிலைபெற்றது. புதிய இயங்குதளத்தை நிறுவும்போது, தேர்ந்தெடுக்கப்பட்ட வட்டில் பழைய பட்டியல் நீக்கப்பட்டுப் புதியது எழுதப்படும். தகவல்கள் இருக்கும் வட்டைத் தவறுதலாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் சில விநாடிகளில் காரியம் முடிந்துவிடும்.

இத்தகைய தவறு அனுபவமற்றோருக்கு மட்டுமே நேரும் என எண்ணுதல் பொருந்தாது. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் ஆசிரியர்களுக்குச் சேவை புரியும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் துணைப் பொறியில் வேலை செய்வதாக எண்ணி முதன்மைப் பொறியில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். பிழையை உணர்ந்து நிறுத்துவதற்குள், ஏறத்தாழ 300 கிகாபைட் தகவல்களில் 4.5 கிகாபைட் மட்டுமே எஞ்சியது. காப்புப் பிரதி எடுக்கும் தானியங்கி ஏற்பாடு மென்பொருள் பதிப்புகளின் பொருத்தமின்மையால் செயலற்றிருந்ததும், அதை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்கள் உரியவர்களை அடையாததும் அப்பொழுதுதான் தெரியவந்தன. சோதனை வேலைக்காகச் சுமார் 6 மணி நேரத்திற்கு முன் எடுக்கப்பட்டிருந்த ஒரு பிரதியே நிறுவனத்தைக் காப்பாற்றியது. இந்நிகழ்ச்சியின் விவரங்களை நிறுவனமே பகிரங்கமாக வெளியிட்டது. பொறியை மாறிக் கருதுதல், பரீட்சிக்காத பிரதியை நம்புதல் என்ற இரு பிழைகளும் வீட்டிலும் நேரக்கூடியவையே.

காப்புப் பிரதி எது?

ஒரே தகவலை இரு வட்டுகளில் ஒரே சமயத்தில் எழுதும் ஏற்பாடு சில சர்வர்களில் உண்டு. ரெய்டு எனப்படும் இம்முறைக்கு அப்பெயரைச் சூட்டி 1988-இல் விவரித்தவர்கள் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகியோர். ஒரு வட்டு பழுதானாலும் மற்றது வேலை செய்யும் என்பதே இதன் பயன். ஆயின், ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் அது ஒருங்கே அழிந்துபோகும். ஆகவே இதனைக் காப்புப் பிரதியாகக் கொள்ளலாகாது.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரவச் செய்த விதி நினைவிற்கொள்ள எளியது: மூலத்தையும் சேர்த்து மூன்று பிரதிகள், இரு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறோரிடத்தில். உறவினர் இல்லத்தில் வைக்கப்படும் ஒரு வெளி வட்டும் இம்மூன்றாவது பிரதிக்குப் போதுமானது.

பிரதி எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்களை நிறுத்துதல் வேண்டும். புகைப்படங்களை வகைப்படுத்தும் மென்பொருள்கள் தம் குறிப்புகளைத் தரவுத்தளம் ஒன்றில் இடைவிடாது எழுதிக்கொண்டிருக்கும். எழுதும் நடுவில் எடுத்த பிரதி பாதி எழுதிய கணக்கேடு போல் பயனற்றதாகலாம்.

இரண்டாவது, இடைநிலை வட்டின் கோப்பு முறைமையை அறிதல் வேண்டும். ஃபேட்32 முறைமையில் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு இடம்பெறாது. நீண்ட திருமண வீடியோக்கள் இதனால் விடுபட்டுப்போகும். என்.டி.எஃப்.எஸ். வட்டுகளை லினக்ஸ் படிக்கும். ஆகையால் இடைநிலைக்கு அதுவே ஏற்றது. ஆனால், விண்டோஸில் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் என்னும் ஏற்பாட்டினால் ஒன்றாக்கப்பட்ட வட்டுகளை லினக்ஸ் இயல்பாகப் படிக்காது. அவற்றிலுள்ளவற்றை விண்டோஸ் இருக்கும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது, தமிழில் பெயரிடப்பட்ட கோப்புகள் தனிக் கவனத்திற்குரியவை. என்.டி.எஃப்.எஸ். முறைமை ஒரு கோப்பின் பெயரில் 255 குறியீடுகளை அனுமதிக்கின்றது. ஈ.எக்ஸ்.டி.4 முறைமையின் வரம்பு 255 பைட்டுகள். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் லினக்ஸில் 3 பைட்டுகளைப் பெறும். ‘திருச்செந்தூர்’ என்ற சொல்லில் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் 7, ஆனால் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் குறியீடுகள் 14, பைட்டுகள் 42. இக்கணக்கின்படி 85 தமிழ்க் குறியீடுகளுக்கு மேற்பட்ட பெயருடைய கோப்பு விண்டோஸில் இருக்கலாம், ஈ.எக்ஸ்.டி.4 வட்டில் அப்பெயருடன் எழுதப்பட மாட்டாது. நீண்ட பெயர்களை முன்னதாகவே சுருக்கிவிடுதல் நலம்.

நான்காவது, பிட்லாக்கர் கொண்டு பூட்டப்பட்ட வட்டாயின், 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி, பொறிக்கு வெளியே பத்திரப்படுத்த வேண்டும்.

பிரதியைப் பரீட்சித்தல்

கோப்புகளின் எண்ணிக்கை ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது. எஸ்.எச்.ஏ.-256 என்னும் கணித முறை, எத்துணைப் பெரிய கோப்பையும் படித்து 64 குறிகள் கொண்ட ஓர் அடையாளத்தைத் தருகின்றது. கோப்பில் ஒரேயொரு பிட் மாறினும் அடையாளம் முற்றிலும் வேறாகிவிடும். மூல வட்டிலுள்ள கோப்புகளின் அடையாளங்களைப் பட்டியலாக எழுதிவைத்து, பிரதியிலும் அவ்வாறே கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். இதற்கான கட்டளைகள் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் உள்ளன. இதன் பின்னரும், பிரதியிலிருந்து சில புகைப்படங்களையும் ஆவணங்களையும் வேறொரு கணிப்பொறியில் திறந்து பார்த்தல் நன்று.

இதற்கு ஆகும் காலத்தை முன்கூட்டியே மதிப்பிட வேண்டும். விநாடிக்கு ஒரு கிகாபிட் வேகமுள்ள வலைப்பின்னலில் நடைமுறையில் விநாடிக்கு சுமார் 110 மெகாபைட் செல்லும். இவ்வேகத்தில் 4 டெராபைட் தகவல்களை மாற்ற ஏறத்தாழ 10 மணி நேரம் ஆகும். சரிபார்ப்பதற்கும் அதை ஒட்டிய காலம் தேவை. ஒரே மாலைப் பொழுதில் யாவற்றையும் முடிக்க முயல்வோர் சரிபார்ப்பதையே கைவிடுவர் என்பது கருதத்தக்கது.

நிறுவும் நாளில்

நிறுவுதலைத் தொடங்குமுன், இயங்குதளத்திற்குரிய வட்டைத் தவிர ஏனைய வட்டுகளின் இணைப்புகளைக் கழற்றிவிடுதலே சிறந்த பாதுகாப்பு. இணைக்கப்படாத வட்டை எந்தக் கட்டளையாலும் அழிக்க இயலாது. கழற்ற முடியாத இடத்து, வட்டின் மேல் அச்சிடப்பட்டுள்ள தொடர் எண்ணைத் திரையில் தோன்றும் எண்ணுடன் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். லினக்ஸ் வட்டுகளுக்கு இடும் எழுத்துப் பெயர்கள் பொறியை மறுமுறை துவக்கும்போது மாறக்கூடும், அவற்றை நம்பலாகாது.

புதிய இயங்குதளம் அமைந்து, கோப்புகள் திரும்ப வந்த பின், முன்பு எழுதிவைத்த அடையாளப் பட்டியலுடன் மீண்டும் ஒருமுறை ஒப்பிட வேண்டும். காப்புப் பிரதி இருந்த வட்டை உடனே வேறு உபயோகத்திற்குக் கொடுத்துவிடாமல் ஓரிரு மாதங்கள் அப்படியே வைத்திருத்தல் அறிவுடைமை. குறைகள் பெரும்பாலும் நிறுவிய நாளன்று தெரிவதில்லை. ஆண்டுக் கணக்கையோ பழைய படத்தையோ தேடும் நாளன்றே தெரியவருகின்றன. அன்றைக்கும் அப்பிரதி கைவசம் இருக்குமாயின் இழப்பு ஏதும் நேராது.